எரியும்போது அளந்து பாருங்கள்

ஒரு கோழிப்பண்ணையில் ஒரு குண்டு பல்பு இருந்தது. இருநூறு வாட்ஸ். அட்டைப்பெட்டிக்குள் கிடந்தே காலம் தள்ளியது. எரிவதற்கென்றே பிறந்ததைச் சும்மா கிடத்தி வைப்பதைவிடக் கொடுமை உண்டா?

ஒருநாள் அடைமழை. குஞ்சுக் கொட்டகையில் எரிந்துகொண்டிருந்த பல்பு, கூரை ஒழுகி நீர் பட்டதும் வெடித்துவிட்டது. பொரித்துச் சில நாளே ஆன குஞ்சுகள் குளிர் தாங்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கீச்சிட்டன. பண்ணைக்காரி பரிமளம் ஓடிவந்து பெட்டியைக் கவிழ்த்தாள். பல்புக்கு ஒரே குதூகலம்.

ஆனால் அவள் அதை நேராக ஓம் மீட்டரிடம் கொண்டுபோனாள். தொட்ட மாத்திரத்தில் யாருக்கு எவ்வளவு தடை என்று சொல்லிவிடும் ஆசாமி அது.

“இருபது ஓம். இதெல்லாம் ஒரு தடையாப்பா?” என்று உதட்டைப் பிதுக்கியது மீட்டர். “லைன்ல இப்ப இருநூறு வோல்ட். அதை இருபதால வகுத்தா பத்து ஆம்பியர். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினா ரெண்டாயிரம் வாட்ஸ். உன்னை மாட்டினா ஃப்யூஸ் போயிரும்.”

“நான் இருநூறு வாட்ஸுங்க. நெத்தியிலேயே எழுதியிருக்கு.”

“எழுதுறவன் என்ன வேணா எழுதுவான். என் முள்ளு பொய் சொல்லாது.”

பல்புக்கு அழுகை முட்டியது. கணக்கில் தப்பே இல்லை. 

“ஒருதடவை எரியவிட்டு அளந்து பாருங்க ஐயா. சூடு ஏற ஏற எனக்குத் தடையும் ஏறும்.”

“எரியறவங்களை நான் தொடறதில்லை.” மீட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பரிமளமும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தாள். “வேண்டாமுங்க, ஃப்யூஸ் அஞ்சு ஆம்பியர்தான் தாங்கும்” என்று பின்னாலேயே வந்த கணவன் செங்கோடனிடம் சொல்லிவிட்டுப் பல்பைப் பெட்டிக்கே கொண்டுபோனாள்.

செங்கோடன் குறுக்கே கை நீட்டினான். “ஃப்யூஸ் போனா வேற கம்பி போட்டுக்கலாம் புள்ள. குஞ்சு போனா?”

கூரை ஒழுகாத பக்கமாகப் பல்பை மாட்டி ஸ்விட்சைப் போட்டான். சுவரிலிருந்த ஆம்பியர் மீட்டரின் முள் விருட்டென்று மேலே துள்ளியது.

“நான் சொன்னேன்ல?” என்றது ஓம் மீட்டர்.

பல்புக்கு உயிரே போய் வந்தது. ஆனால் ஃப்யூஸ் உருகுவதற்குள் இழை சிவந்து, மஞ்சளாகி, வெளுத்துவிட்டது. ஏறிய சூடெல்லாம் பாய்ந்து வந்த மின்சாரத்தை மறித்து நின்றது. துள்ளிய முள் சரசரவென்று இறங்கிப் புள்ளி எட்டில் நின்றது.

“இருநூறு வோல்ட்” என்றது அதே சுவரிலிருந்த வோல்ட் மீட்டர்.

“புள்ளி எட்டு ஆம்பியர்” என்றது பக்கத்து ஆம்பியர் மீட்டர்.

கணக்கைப் பல்பே போட்டது. “வகுத்தா இருநூத்தி அம்பது ஓம். பெருக்கினா நூத்தி அறுபது வாட்ஸ். லைன்ல வோல்ட் குறைச்சல். முழுசா வந்தா இருநூறும் காட்டுவேன்.”

குவிந்து கிடந்த குஞ்சுகள் மெல்லப் பிரிந்து வெளிச்சத்தில் சிறகை உதறின. பரிமளம் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாள். பல்புக்குக் கர்வம் தலைக்கேறியது. ஏறட்டுமே, சம்பாதித்த கர்வம்தானே.

ஓம் மீட்டருக்கு மட்டும் ஆறவில்லை. “இருபது ஓம் எப்படிப்பா இருநூத்தி அம்பது ஆச்சு?”

“நீங்க சும்மா கிடந்தவனை அளந்தீங்க ஐயா” என்றது பல்பு. “அவன்கிட்ட இருபதுதான் இருந்துச்சு.”