தேனீ இருட்டுக்குக் குடிபோன கதை

தேனீயும் மனிதரும் ஒரே பேச்சில் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், பொந்துத் தேனீக்குப் பொந்தே கிடையாது. மற்றத் தேனீக்களைப் போல அதுவும் நல்ல வெளிச்சத்தில், மரக்கிளையில்தான் அடை கட்டித் தொங்கவிட்டது. யார் நிமிர்ந்து பார்த்தாலும் அடை தெரியும். அப்படித் தெரிந்ததுதான் அதற்குத் தொல்லையாகப் போயிற்று.

தேன் எடுக்கிறவர்கள் தீப்பந்தத்தோடு வருவார்கள். அடையைத் தேனீக்கள் போர்வை போல மூடியிருக்கும். எந்த அறையில் தேன், எந்த அறையில் குஞ்சு என்று பார்க்க வேண்டுமானால் அந்தப் போர்வையை விலக்க வேண்டும். அதற்கு நெருப்பைக் காட்டுவார்கள். பாதித் தேனீ கருகும், மீதி ஓடும். அதற்குப் பிறகும் யாரும் நின்று பார்க்கமாட்டார்கள். அடையை முழுதாக அறுத்துத் துணியில் போட்டுப் பிழிவார்கள். தேனோடு குஞ்சும் பிழிபடும்.

அந்த மலையடிவாரத்தில் பூவாயியின் தோட்டம் இருந்தது. பூவாயிக்கு இடது கால் சூம்பிப்போனது. ஊரில் அவளை ஒரு மூலையில் உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை. ஊரைவிட்டு வந்து, கல் பொறுக்கி, முள் வெட்டி, அந்த நிலத்தைத் திருத்தினாள். அவளைப் போல ஊர் ஒதுக்கியவர்கள் ஒவ்வொருவராக அங்கே வந்து சேர்ந்தார்கள். வந்தவருக்குச் சோறு உண்டு, வேலையும் உண்டு என்பதுதான் தோட்டத்துச் சட்டம். நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து விதை பிரித்தார்கள். காது கேளாத இருவர் கிளி விரட்டினார்கள். ஒரு கை மட்டும் உள்ள காத்தமுத்து மரம் ஏறினான். அங்கே விளைந்த பூசணிக்கும் பீர்க்குக்கும் சந்தையில் நல்ல பெயர் இருந்தது.

கடைசியாக வந்தவன் ஒச்சப்பன். அவனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவனுடைய அண்ணன்தான் கொண்டுவந்து விட்டார். வீட்டில் தட்டுத்தடுமாறி எதையாவது உடைத்துக்கொண்டே இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். பூவாயி அவனுக்குக் கயிறு திரிக்கிற வேலை கொடுத்தாள். ஒரு நார் முறுக்கு மாறினாலும் அவன் விரலுக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஒரு தோட்டத்துக்கு எவ்வளவு கயிறுதான் வேண்டும்? ஒருநாள் கொட்டகை மூலையில், தான் திரித்த கயிறெல்லாம் யாரும் எடுக்காமல் குவிந்து கிடப்பதைத் தடவிப் பார்த்தான். சும்மா இருக்கக் கூடாதே என்றுதான் பூவாயி அக்கா இதைக் கொடுத்திருக்கிறாள் என்று புரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாதம் முடிந்ததும் போய்விடுவதென்று முடிவு செய்துகொண்டான். எங்கே போவது என்று மட்டும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துப் புங்க மரத்தில் அடை கட்டியிருந்த ராணித் தேனீ, பூவாயியைக் கூப்பிட்டனுப்பியது. மூன்று நாளில் கூட்டத்தோடு மலை உச்சிப் பாறைக்குப் போய்விடப் போவதாகவும், இனி யாரும் தேடி வரவேண்டாம் என்றும் சொன்னது.

தேனீ போய்விட்டால் பூசணி பூக்கும், ஆனால் காய்க்காது. காய் இல்லையென்றால் சோறு இல்லை. அத்தனை பேரும் தங்களை வேண்டாம் என்று சொன்ன வாசலுக்கே திரும்பிப் போய் நிற்க வேண்டும். அதையெல்லாம் மறைக்காமல் சொல்லி, போகாதே என்று பூவாயி கேட்டாள்.

"நீங்களும் அந்தத் தேனைத்தானே நக்கினீர்கள்?" என்றது ராணி.

"நக்குனோம்," என்றாள் பூவாயி. "இல்லைன்னு சொல்லமாட்டேன்."

அவள் பொய் சொல்லாதது ராணிக்குப் பிடித்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் இறக்கையை அடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நிபந்தனை சொன்னது. நெருப்பும் புகையும் இல்லாமல், ஒரு குஞ்சும் நசுங்காமல், ஒரு தேனீயும் சாகாமல் அடையிலிருந்து தேனை மட்டும் எடுத்துக் காட்ட வேண்டும். காட்டினால் போகமாட்டோம்.

முதலில் காத்தமுத்து ஏறினான். தோட்டத்திலேயே கூர்மையான கண் அவனுக்குத்தான். ஆனால் தேனீப் போர்வைக்கு அடியில் இருப்பதை எந்தக் கண்ணால் பார்ப்பது? வாயால் ஊதினான். இலைக்கொத்தால் மெதுவாக விசிறினான். முகத்தில் நாலு கொட்டு வாங்கிக்கொண்டு இறங்கி வந்தான். இன்னொரு நாளும் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் காலையில், தான் முயன்று பார்க்கட்டுமா என்று ஒச்சப்பன் கேட்டான்.

"கயிறு திரிக்கிறவரு தேனெடுக்கப் போறாராம்," என்றான் காத்தமுத்து, வீங்கிய உதட்டோடு. "தேனையும் முறுக்கிக் கையில குடுத்துருவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஒச்சப்பனும் சிரித்தான். ஆனால் எழுந்து நின்றவன் உட்காரவில்லை.

அடை எட்டும் உயரத்துக்கு மரத்தடியில் கல்லை அடுக்கி அவனை ஏற்றிவிட்டார்கள். பக்கத்துக் கல்லில் பூவாயி ஏறிக்கொண்டாள். அந்தத் தோட்டத்தில் யாரும் யாரையும் தடுமாறவிடமாட்டார்கள். அதனால் அவன் மணிக்கட்டைப் பிடித்து, மேலே, இன்னும் மேலே, வலது பக்கம் என்று சொல்லிச் சொல்லி அவன் கையை அடைக்குக் கொண்டுபோனாள். அன்பாகத்தான் பிடித்தாள், ஆனால் இறுக்கிப் பிடித்தாள். ஒரு தேனீ அவளைக் கொட்டியதும் அவள் கை துள்ளியது, கூடவே அவன் கையும் துள்ளியது. அவன் விரலுக்கும் அடைக்கும் நடுவில் ஒரு தேனீ நசுங்கிச் செத்தது.

கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் இரைந்தது. முடிந்தது, கிளம்புகிறோம் என்றது ராணி.

ஒச்சப்பன் கையை எடுக்கவில்லை. நசுங்கிய தேனீ இன்னும் அவன் விரல் நுனியில் ஒட்டியிருந்தது.

"ராணியம்மா, செத்தது என் கையால. ஆனா அந்தக் கை அப்ப என்கிட்ட இல்ல," என்றான். பிறகு பூவாயியிடம், "கையை விடுக்கா. நீ பிடிச்சா என் விரலுக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கு," என்றான்.

பூவாயி அவன் முகத்தைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து அவன் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவள் பிடியை விட்டாள். விட்டதோடு நில்லாமல் கல்லிலிருந்தும் இறங்கினாள். இன்னும் ஒரு முறை மட்டும் என்றது ராணி.

ஒச்சப்பன் விரித்த விரல்களைத் தேனீக்களுக்கு அடியில் நுழைத்தான். தண்ணீருக்குள் கை போவதுபோல அவ்வளவு மெதுவாகப் போயிற்று. தேனீக்கள் விலகி, அவன் கைமேல் ஏறி, மறுபடி மூடிக்கொண்டன. காவல் தேனீ ஒன்று கட்டை விரலைக் கடித்தது. கை அசையவில்லை. பார்க்கத்தான் தேனீயை விரட்ட வேண்டும், தொடுவதற்கு விரட்ட வேண்டியதில்லை என்று கீழே நின்றவர்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

"இங்க சூடா இருக்கு," என்றான். "மூடி லேசா புடைச்சிருக்கு. உள்ள ஏதோ நெளியுது. இது பிள்ளைங்க." கையை மேலே நகர்த்தினான். "இங்க குளிர்ச்சி. மூடி தட்டையா இருக்கு, அசைவே இல்ல. இதுதான் தேன்."

தேன் இருந்த இடத்தை மட்டும் மூங்கில் சீவலால் அறுத்து எடுத்தான். நுங்குத் துண்டு அளவுதான் இருந்தது. பூவாயி அதை உள்ளங்கையில் வாங்கினாள். கலங்கல் இல்லை, குஞ்சு வாடை இல்லை. அப்படிப்பட்ட தேனை அந்த மலையில் யாரும் அதுவரை தின்றதில்லை. காத்தமுத்து விரலை நக்கிக்கொண்டே, இனிமேல் ஒச்சப்பனை மரியாதையாகக் கூப்பிட வேண்டும்போலிருக்கிறது என்றான்.

ராணி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஆனால் தீப்பந்தக்காரர்கள் நாளைக்கும் வருவார்களே, வெளிச்சத்தில் தொங்கினால் தப்பிக்க முடியாதே என்றது.

"அப்ப இருட்டுக்கு வாங்க," என்றான் ஒச்சப்பன். "எனக்கு வெளிச்சம் தேவையில்ல. உங்களுக்கு வழி தெரியலன்னா நான் பழக்கிவிடுறேன்."

குடைந்த மரத்துண்டு ஒன்றை அவனே தேடி எடுத்து, களிமண்ணால் வாயைப் பூசி, தேனீ நுழையும் அளவுக்கு ஒரு துளை மட்டும் விட்டான். இருட்டில் எப்படி இருப்பது என்று மற்றத் தேனீக்கள் பயந்து பாறைக்குப் போய்விட்டன, அவைதான் இன்றைய மலைத்தேனீக்கள். இந்த ராணி மட்டும் தன் கூட்டத்தோடு உள்ளே நுழைந்தது. தொட்டுத் தொட்டுப் பேசவும், உடம்பை அசைத்து வழி சொல்லவும் அங்கேதான் அவை கற்றுக்கொண்டன. தீப்பந்தக்காரர்கள் வந்து, நிமிர்ந்து பார்த்து, ஒன்றும் தெரியாமல் திரும்பிப் போனார்கள். அந்த வருஷம் பூசணியைத் தூக்க ஆள் போதவில்லை. மூலையில் கிடந்த கயிறெல்லாம், கூட்டம் பெருகப் பெருகக் கூடிய தேன் மரத்துண்டுகளைக் கொட்டகையில் கட்டித் தொங்கவிடச் சரியாகப் போயிற்று.

பக்கத்து ஊர்க்காரர்கள் தேன் எடுக்கிற வேலையைக் கற்றுக்கொள்ள வந்தார்கள். ஒருநாள் ஒச்சப்பனின் அண்ணனும் வந்து வரிசையில் நின்றார். குரலைக் கேட்டதும் தம்பிக்குத் தெரிந்துவிட்டது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். பிறகு ஒரு துண்டை எடுத்து அவர் கண்ணைக் கட்டினான்.

"ஒண்ணும் தெரியலையேடா," என்றார் அண்ணன்.

"தெரியும்ணே. அவசரப்படாதீங்க. எதையும் உடைச்சிரமாட்டீங்க."

அன்று முதல்தான் பொந்துத் தேனீ இருட்டுக்குள் அடுக்கடுக்காக அடை கட்டி மனிதருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது. அந்த மலையடிவாரத்தில் தேன் எடுக்கிறவர்களும், அன்று முதல்தான், ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்ட பிறகே கூட்டுக்குள் கை வைக்கிறார்கள். அப்போது பக்கத்தில் யார் நின்றாலும், அந்தக் கையைப் பிடிப்பதில்லை.