நிர்வாகத்துக்குக் காய்ச்சல்

"இனிமே என்னால ஆகாதுடியம்மா!"

சொல்லிக்கொண்டே பக்கத்துக் குழந்தைகள் வார்டுக்குள் வந்தார் ஜெசிந்தா சிஸ்டர். பெண்கள் வார்டில் இருபத்திரண்டு வருஷம். அவர் ஊசி போட்டால் வலிக்காது என்று ஊரே சொல்லும். அந்தக் கையில் இன்று விருப்ப ஓய்வுக் கடிதம்.

நூருன்னிசா அங்கே சிஸ்டர். ஜெசிந்தாவைவிட ஒன்பது வயது இளையவர். ஆனாலும் ஆஸ்பத்திரியே அவரை 'குரு' என்றுதான் கூப்பிடும். கேலிக்கு வைத்த பெயர். போகப்போக எல்லோரும் நிஜமாகவே யோசனை கேட்க வர ஆரம்பித்துவிட்டார்கள். பாவம், ஆறாமல் ஒரு டீ குடிக்க முடிவதில்லை அவருக்கு.

"என்னக்கா ஆச்சு?"

"எங்க வார்டை மூடப்போறாங்களாம். யாரை எங்கே தூக்கிப் போடுவாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல. நாளைக்கு எங்கே நிக்கப்போறோம்னே தெரியாம எப்படி வேலை பார்க்கிறது? நீயே சொல்லு குருவே."

குரு டீயை ஊதினார்.

"ரெண்டு மணிக்கு டூட்டி முடியுது. நேரா ஆபீஸ் போய் இதைக் கொடுத்துட்டு நடையைக் கட்டப்போறேன்" என்றார் ஜெசிந்தா.

குரு ஆணியில் தொங்கிய காய்ச்சல் அட்டையை எடுத்து நீட்டினார். மேல் ஓரத்தை மட்டும் கட்டைவிரல் மறைத்திருந்தது.

பழக்கம் விடுமா? ஜெசிந்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கோடு ஏறி, இறங்கி, மறுபடி ஏறியிருந்தது.

"அடப்பாவமே! யாரு பெத்த பிள்ளையோ! எத்தனை நாளா?"

"பதினோரு நாளா."

"என்ன நோயாம்?"

"தெரியலக்கா. டெஸ்ட் ரிசல்ட் இன்னும் வரல."

"அதுக்காகக் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிப்பியா? ஈரத்துணியால துடை. தண்ணி கொடு. நாலு மணிக்கொரு தரம் பார்த்து எழுது. அடுத்த டூட்டிக்காரிகிட்ட ஒப்படைச்சிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கு. இதெல்லாம் உனக்கு நான் சொல்லணுமா?"

"நாளைக்குக் காய்ச்சல் எவ்வளவு இருக்கும்க்கா? இப்பவே எழுதிடலாமே."

"நாளைக்குள்ளதை இன்னிக்கே எவளாவது எழுதுவாளா? பைத்தியக்காரி!"

குரு கட்டைவிரலை எடுத்தார்.

நோயாளி பெயர்: நிர்வாகம். வயது: தெரியவில்லை.

ஜெசிந்தா அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்க எழுத்து.

நேற்றுக் காலை ஆறு: பெண்கள் வார்டை மூடுகிறார்கள். பத்து: மூடவில்லை. மதியம் இரண்டு: புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். மாலை ஆறு: புதுக் கட்டடத்தில் தண்ணீர் வரவில்லை.

ஒவ்வொன்றுக்கும் கீழே டூட்டி சிஸ்டரின் கையெழுத்து.

ஜெசிந்தாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு உதடு துடித்தது. பிறகு சிரித்தார் பாருங்கள், வார்டில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகள் எழுந்து அழ ஆரம்பித்துவிட்டன.

மணி இரண்டு. அடுத்த டூட்டிக்குச் செல்வராணி வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

ஜெசிந்தா மேசையில் குனிந்து எழுதப் போனார். மேசை ஆடியது. கையிலிருந்த கடிதத்தை நாலாக மடித்து மேசைக் காலுக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது. இரண்டு மணிக் குறிப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டார்: "ஒன்றும் தெரியவில்லை. நோயாளி உளறுகிறார்."

அட்டையைச் செல்வராணியிடம் நீட்டினார்.

"ஆறு மணிக்கு நீ பாரு. நாளைக் காலை பத்து மணிக்கு நான் வந்து பார்த்துக்கறேன்."