வாய் திறக்காமல் கூப்பிட்ட செவலி

ஆடும் மாடும் நம்மைப் போலவே பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், செம்மறி ஆடுகளுக்குள்ளே உன் குட்டி, என் குட்டி என்கிற பேச்சே கிடையாது. எல்லாக் குட்டிக்கும் குட்டி என்றுதான் பெயர். எல்லாத் தாய்க்கும் அம்மா என்றுதான் பெயர். எந்தக் குட்டி ஓடி வந்து முட்டினாலும் எந்த ஆடும் நின்று பால் கொடுக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடி வர முடியாத குட்டி என்ன செய்யும்?

சேவுகன், காத்தாயி என்று ஒரு புருஷன் பெண்டாட்டி. அறுப்பு முடிந்த வயல்களில் உரத்துக்காக ஆட்டுக் கிடை போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள். காலையில் சேவுகன் தாய் ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போவான். பால்குடி மாறாத குட்டிகளால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அவற்றை மூங்கிலில் பின்னிய பெரிய கூட்டுக்குள் அடைத்துக் காத்தாயி காவல் இருப்பாள். பொழுது சாய மந்தை திரும்பும். கூட்டைத் திறந்தால் போதும், "அம்மா, அம்மா" என்றும் "குட்டி, குட்டி" என்றும் ஒரே கூச்சலும் புழுதியும்தான்.

அந்த மந்தையில் செவலி என்று ஓர் ஆடு. செந்நிறம், தலைச்சன் ஈற்று. மேயப் போன இடத்தில் ஒரு கருவேல மரத்து நிழலில் தனியாக ஈன்றாள். பிறந்த குட்டிக்கு முன்னங்கால் ஒன்று கொஞ்சம் வளைந்திருந்தது. ஈரம் போக நக்கிக்கொடுத்தபோது, அவளுக்கே தெரியாமல் அவள் தொண்டைக்குள்ளிருந்து "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் வந்தது. குட்டி காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டது. அதற்குள் சேவுகன் வந்து குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டான். அந்தச் சத்தத்தைச் செவலி மறந்தே போனாள்.

மறுநாளே துன்பம் ஆரம்பித்தது. "குட்டி" என்று அவள் வாய் திறந்தால் மொட்டைக்காதன்தான் முதலில் வந்து நிற்பான். காது நுனி அறுந்த தடிக் கிடாக்குட்டி. அவன் பின்னால் நாலைந்து பேர். அவளுடைய குட்டி நொண்டி நொண்டி வந்து சேரும்போது மடி காய்ந்து கிடக்கும். காலையிலும் இதே கதைதான்.

குட்டியின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் காத்தாயி பதறிப்போனாள். ஒரு சிவப்புக் கயிற்றை அதன் கழுத்தில் கட்டினாள். "செவலி, நல்லாப் பாத்துக்க தாயி. சிவப்புக் கயிறு கட்டினதுக்குத்தான் நீ பால் கொடுக்கணும்."

மற்றக் குட்டிகள் சும்மா இருக்குமா? "ஆத்தா, எனக்குக் கயிறு? ஆத்தா, எனக்கு?" என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தன. காத்தாயிக்கு இல்லை என்று சொல்ல வராது. சாயங்காலம் சேவுகன் வந்து பார்த்தால் எல்லாக் கழுத்திலும் சிவப்புக் கயிறு!

"ஏ புள்ள, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?"

"அதுக மூஞ்சியப் பாத்தா மனசு கேக்கலைங்க."

"சரி போ. அந்த நொண்டிக் குட்டிக்கு ஒரு பேரு வை. பேரச் சொல்லிக் கூப்பிடட்டும்."

அலரி என்று பெயர் வைத்தாள். மறுநாள் செவலி ஆசையாக, "அலரி!" என்று கூப்பிட்டாள். அலரி என்றால் பால் என்று குட்டிகளுக்குப் புரிந்துபோயிற்று. "நான்தான் அலரி!" "இல்ல, நான்தான்!" என்று மொத்தக் கூடும் ஓடி வந்தது. மொட்டைக்காதன்கூட, "நானும் அலரிதான்" என்றான், கிடாக்குட்டியாக இருந்துகொண்டு.

பக்கத்தில் நின்ற காரி என்கிற கறுப்பு ஆடு சிரித்தாள். "ஏன்டி செவலி, உன் மடியில மட்டும் கருப்பட்டி கரைச்சு வச்சிருக்கியா? எந்தக் குட்டி குடிச்சா என்ன? எல்லாம் குட்டிதானே."

"எல்லாம் குட்டிதான் அக்கா. ஆனா சாகப்போறது ஒண்ணுதானே," என்றாள் செவலி. காரிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த நாள் அலரி தலையைத் தூக்கவில்லை. காத்தாயி துணியைப் பாலில் நனைத்து வாயில் பிழிந்தாள். அதுவும் கடைவாய் வழியே வழிந்துவிட்டது. செவலியோ மேய்ச்சலில் ஒரு புல்லைக்கூடக் கடிக்காமல் நின்றாள். பிறகு முன்னங்காலை மடித்து மண்டியிட்டாள்.

"சாமி, நான் பெருசா ஒண்ணும் கேக்கல. நான் கூப்பிட்டா அது தன்னைத்தான்னு அலரிக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

வானத்திலிருந்து பதில் வரவில்லை. காற்றுதான் அடித்தது. அந்தக் காற்றில் கருவேலம்பூ வாசம் வந்தது. செவலி தலையை நிமிர்த்தினாள். அவள் மண்டியிட்டிருந்தது, அன்றைக்கு ஈன்றாளே, அந்த மரத்து நிழலில்தான். ஈரக் குட்டி நினைவுக்கு வந்தது. அது காதைத் திருப்பியது நினைவுக்கு வந்தது. எதற்காகத் திருப்பியது என்பதும் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் காத்தாயி கூட்டைத் திறந்தாள். எல்லா ஆடுகளும் கத்தின. செவலி மட்டும் நேரே போய்க் கூட்டின் ஓரத்தில், மடி தரையில் படியப் படுத்துக்கொண்டாள். ஒருவராலும் குடிக்க முடியவில்லை. மொட்டைக்காதன் முட்டி முட்டிப் பார்த்தான்.

"என்னடி, வாயில கொழுக்கட்டையா? கூப்பிடேன்," என்றாள் காரி.

செவலி வாயைத் திறக்கவே இல்லை. மூடிய வாய்க்குள்ளேயே, "ம்ம்ம்" என்றாள்.

கூட்டுக்குள் கிடந்த அலரியின் காது அசைந்தது.

"ம்ம்ம்..."

"ஏங்க, இங்க வாங்க, காத ஆட்டுது!" என்று காத்தாயி கத்தினாள். அலரி எழுந்தாள், விழுந்தாள், மறுபடி எழுந்தாள். மூங்கிலில் சாய்ந்து உரசிக்கொண்டே வெளியே வந்து தாயின் முகத்தோடு முகம் வைத்தாள். அப்போதுதான் செவலி எழுந்து நின்று பால் கொடுத்தாள்.

காரி அலரி குடிப்பதையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "அந்தச் சத்தம் எனக்கும் தெரியும்டி. ஈன்ற அன்னிக்கு வந்தது," என்று சொல்லி வாயை மூடிக்கொண்டாள். எங்கோ ஓடிக்கொண்டிருந்த ஒரு கறுப்புக் குட்டி சட்டென்று நின்று திரும்பியது. ஒவ்வொரு தாயாக வாயை மூட, ஒவ்வொரு குட்டியாகத் திரும்பியது. கூச்சல் அடங்கிற்று. புழுதி படிந்தது.

புழுதி படிந்த பிறகு பார்த்தால், நடுவில் மொட்டைக்காதன் மட்டும் நிற்கிறான். அவன் தாய் போன மழையில் வெள்ளத்தோடு போய்விட்டாள். அதனால்தான் அவன் எல்லோரிடமும் முந்திக்கொண்டு ஓடினான். இப்போது ஓடுவதற்கு இடமில்லை.

அலரி குடித்து முடித்ததும் செவலி அவனிடம் போனாள்.

"நான் உங்க குட்டி இல்லையே," என்றான், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"இதுவரைக்கும் நீ ஏதோ ஒரு குட்டி. கிட்ட வா சாமி."

அறுந்த காதிலிருந்து வால் நுனிவரை, இப்போதுதான் பிறந்தவனைப் போல அவனை நக்கினாள். நக்கிக்கொண்டே, "ம்ம்ம்" என்றாள். மொட்டைக்காதன் காதைத் திருப்பினான்.

"யாரக் கூப்பிட்டேன், சொல்லு?"

"என்னைத்தான்."

"உனக்கும் தெரியுது, எனக்கும் தெரியுது. அது போதும்."

இங்கிலீஷிலும் இப்படி ஒரு சின்னச் சத்தம் இருக்கிறது. 'தி' (the) என்பார்கள். தனியாகச் சொன்னால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. முதன்முதலில் பேச்சில் வருகிற குட்டிக்கு அதை வைக்கமாட்டார்கள். அது வெறும் ஒரு குட்டி. சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் இந்தக் குட்டிதான் என்று தெரிந்த பிறகே 'தி' முன்னால் வந்து நிற்கும். சூரியனையும் நிலாவையும் காட்டத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றே ஒன்று என்பதால் அவற்றுக்கு எடுத்ததுமே வைப்பார்கள். எந்த ஆட்டிடம் கற்றார்களோ!

ஆடுகள் பேச்சை மறந்து எத்தனையோ காலம் ஆயிற்று. அந்தச் சத்தத்தை மட்டும் மறக்கவில்லை. அன்று முதல்தான் தாய் ஆடு குட்டியை நக்கி, மோந்து, இது அதுதான் என்று அறிந்துகொண்டு, வாயைத் திறக்காமல் கூப்பிடுகிறது; அத்தனை குட்டிக்குள்ளும் அந்தக் குட்டி மட்டும் திரும்பிப் பார்க்கிறது.