எதிர் நீவாடு

குரு முத்திருளாயி அம்மாளுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடர் கதிரேசனுக்கு அறுபத்தைந்து. கதிரேசன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதைக் கேட்டாலும் நோட்டில் எழுதிக்கொள்ளும் பழக்கம் இன்னும் அவரை விடவில்லை. குரு வாயைத் திறந்தால் இவர் பேனா மூடியைத் திறப்பார்.

குரு கடலோரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையில் இருந்தார். மனக்கஷ்டம் என்றாலும் மீன்படவில்லை என்றாலும் ஊரார் அங்கேதான் வருவார்கள். கொட்டகைக்குச் சற்று மேற்கே, கரைக்கு எதிரே ஒரு சின்னத் தீவு உண்டு. ஆனி மாதம் ஒருநாள், வலையை எங்கே விடலாம் என்று மீனவர்கள் கேட்டார்கள். தீவுக்குக் கிழக்கே விடச் சொன்னார் குரு. வள்ளம் கொள்ளாமல் மீன் வந்தது. கதிரேசன் அந்த வாக்கியத்தை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டார்.

மார்கழியில் குரு வெளியூர் போயிருந்த சமயம், நம்புராசன் வந்து அதே கேள்வியைக் கேட்டான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு வலை. அம்மா வரட்டும் என்று கதிரேசன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நோட்டைப் புரட்டி, பாடம் நடத்துகிற குரலில், தீவுக்குக் கிழக்கே என்று வாசித்தார்.

மறுநாள் காலை நம்புராசன் கிழிந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கடலின் ஓட்டத்தை அந்தப் பக்கத்தில் நீவாடு என்பார்கள். அந்த நீவாடு வலையை அப்படியே தள்ளிக்கொண்டுபோய்த் தீவின் பாறையில் அடித்திருந்தது. ஒரு முழம்கூட உருப்படியாக இல்லை. குருவும் அப்போதுதான் ஊரிலிருந்து வந்து கொட்டகைக்குள் நுழைந்தார்.

கதிரேசன் முந்திக்கொண்டார்.

"நானாச் சொல்லலப்பா. அம்மா சொன்னதைத்தான் சொன்னேன்."

குரு அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமா நம்பு. நான் சொன்னதுதான்."

நம்புராசன் சொல்லக்கூடாததெல்லாம் சொன்னான். குரு நின்று கேட்டுக்கொண்டார். கதிரேசன் அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்றார். ஒரு சொல்கூடக் கதிரேசன் மேல் விழவில்லை.

அன்று முழுக்கக் கதிரேசனுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. விடிந்ததும் மன்னிப்புக் கேட்கத்தான் போனார். ஆனால் வாயில் வந்தது வேறு. தீவு இருந்த இடத்தில்தானே இருக்கிறது, பிறகு எப்படித் தப்பானது என்று கேட்டுவிட்டார்.

குரு வள்ளத்தில் ஏறச் சொன்னார்.

முதலில் தீவின் கிழக்கே போனார்கள். கதிரேசனைத் தண்ணீரில் கையை விடச் சொல்லிவிட்டு, குரு ஒரு பிடி பொரியைத் தூவினார். பொரி நேரே ஓடிப் பாறையில் மோதிச் சிதறியது.

தீவைச் சுற்றிக்கொண்டு மேற்கே வந்தார்கள். அங்கே இன்னொரு பிடி. இந்தப் பொரி எங்கும் ஓடவில்லை. மெல்லச் சுழன்று அங்கேயே கிடந்தது. கீழேயிருந்து சாளைக் குஞ்சுகள் ஏறிவந்து கொத்தின. அவற்றைத் துரத்தி ஒரு பெரிய மீன் துள்ளியது. கதிரேசன் மறுபடி கையை விட்டார். தண்ணீர் அந்தப் பக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தது.

"அடித்தண்ணி சார். சுழல் மேல கொண்டாருது. அதோட இரை வருது, இரைக்கு மீன் வருது."

"ஆனியில இது கிழக்கயா இருந்துச்சு?"

"அப்ப நீவாடு மேக்கேருந்து வந்துச்சு. இப்ப கெழக்கேருந்து வருது. தீவு எந்தப் பக்கம் அடிவாங்குதோ, அதுக்கு மறுபக்கந்தான் சுழல். வலைய விடச்சொல்லுமுன்ன நீவாட்டப் பாத்தீங்களா?"

"நோட்டைப் பார்த்தேன்."

குரு சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கதிரேசனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கதிரேசன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "நேத்து ஏம்மா அதை ஒத்துக்கிட்டீங்க?"

"அவன் கோவம் வேகமா வந்துச்சு. நீங்க பின்னால ஒதுங்குனீங்க. நான் நின்னுக்கிட்டேன்."

கதிரேசன் பொரியைச் சுற்றி மொய்க்கும் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நம்பு வீட்டுக்குப் போகணும்மா. வாசிச்சது நான்தான்னு சொல்லணும்."

குரு துடுப்பை அவரிடம் நீட்டினார்.

"எதிர் நீவாடு சார். நீங்களே போடுங்க."