கற்சில்லின் மேல் நத்தை

மழை பொய்த்த ஆண்டு அது. குன்றின் மேலிருந்த சமணப் பள்ளியில், பசியோடு வந்தவர்களுக்கெல்லாம் கூழ் ஊற்றினார்கள். பள்ளியின் தலைமை ஆசான் ஒரு பெண். அருமணிக் குரத்தியார் என்று அழைத்தார்கள். பெண் ஆசான்களுக்கு அந்நாளில் குரத்தியார் என்றுதான் பெயர்.

அவருடைய மாணாக்கன் எயினன் அவரைவிட வயதில் மூத்தவன். பாதி ஆயுளைச் சரக்கு வண்டி ஓட்டிக் கழித்தவன். ஒரு நாள் மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டுக் குன்றேறி வந்தான், திரும்பிப் போகவில்லை. கூழுக்குத் தானியம் அரைக்கும் பெரிய திரிகையை அவன்தான் பார்த்துக்கொண்டான். ஒரு காளை அதைச் சுற்றும்.

கூட்டம் பெருகியதும் திரிகைக்கு ஓய்வில்லாமல் போயிற்று. மேல்கல்லோடு சுழலும் மரத்தண்டின் அடிமுனை, தரையிலிருந்த கற்குழியில் உரசிச் சூடேறியது. மரம் தேய்ந்து தூளாக உதிர்ந்தது. கருகல் நாற்றம் வந்தது. தண்டு முறிந்தால் கூழ் இல்லை.

அடிவாரத்தில் தங்கியிருந்த வணிகர்களிடம் மாட்டுக் கொழுப்பு இருந்தது. வண்டியோட்டிய காலத்தில் எயினனும் அச்சுக்கு அதைத்தான் பூசுவான். இப்போது நினைக்கவே கூசியது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தான், நிற்காமல் ஓடிவிட்டது. விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயில் கொஞ்சம் வாங்கி ஊற்றினான். தண்டு சத்தமில்லாமல் சுழன்றது. அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் தண்டைத் தூக்கியபோது குழி கறுத்துக் கிடந்தது. எண்ணெய் வாசனைக்கு வந்த எறும்புகள் உள்ளே அரைபட்டிருந்தன. சுவரோரமாக இன்னும் வரிசை வந்துகொண்டிருந்தது.

எயினன் காளையை அவிழ்த்துவிட்டான். வெளியே கலயங்களோடு காத்திருந்தவர்களைப் பார்க்காமல் குரத்தியாரிடம் போனான்.

நடந்ததைச் சொன்னான். பிறகு கேட்டான்:

“அடிகளே, ஒன்றைக் கொல்லாமல் இன்னொன்று நகரவே முடியாதா?”

குரத்தியார் எழுந்து நடந்தார். அவன் பின்னால் போனான்.

பாறை இடுக்கில் ஒரு சுனை இருந்தது. அந்த வறட்சியிலும் அதன் ஓரம் ஈரமாக இருந்தது. துறவிகள் படுப்பதற்குப் பாறையில் கற்படுக்கை வெட்டியவர்கள் விட்டுப்போன சில்லுகள் அங்கே குவிந்து கிடந்தன. காலில் குத்தினால் ரத்தம் வராமல் விடாது. ஒரு நத்தை அந்தக் குவியலை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

“பாரும்” என்று சொல்லிவிட்டுக் குரத்தியார் திரும்பிப் போய்விட்டார்.

நத்தை சில்லின் விளிம்பில் ஏறியது. வயிறு கிழிந்துவிடும் என்று எயினன் பயந்தான். கிழியவில்லை. விளிம்பின் மேல் மடிந்து, அந்தப் பக்கம் வழிந்து இறங்கியது. போன வழியெல்லாம் வழவழப்பாக மின்னியது.

எயினனுக்கு விளங்கிவிட்டது போலிருந்தது. சுனையைச் சுற்றித் தேடினான். பாசிக்கடியிலும் கல்லுக்கடியிலும் கிடந்த நத்தைகளையெல்லாம் ஒரு சட்டியில் பொறுக்கிக்கொண்டு, வேகமாகத் திரிகைக்கு வந்தான்.

வாசலில் குரத்தியார் நின்றிருந்தார். சட்டிக்குள் பார்த்தார்.

“இவை எதற்கு?”

“இவற்றின் வழவழப்பை வழித்துக் குழியில் பூசலாம், அடிகளே.”

அவர் கோபப்படவில்லை. சட்டியை வாங்கிக்கொண்டு சுனைக்கு நடந்தார். ஒவ்வொன்றாக எடுத்து ஈரப் பாசியில் விட்டார். கடைசி நத்தை கையை விட்டு இறங்கியதும் சொன்னார்:

“எயினரே, நான் உம்மைப் பார்க்கத்தானே சொன்னேன்.”

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் போன பிறகு மண்டியிட்டு, கன்னம் கல்லில் படும்படி குனிந்து பார்த்தான். இந்தமுறை பொறுமையாகப் பார்த்தான்.

நத்தை கல்லைத் தொடவே இல்லை. அதற்கும் கல்லுக்கும் நடுவே எப்போதும் ஒரு மெல்லிய ஈரம் இருந்தது. போகப் போகத்தான் அதைச் சுரந்தது. தேவைக்கு மேல் சுரக்கவில்லை. அவசரப்படவும் இல்லை.

பாறைச் சரிவில் மழையில்லாமலே கற்றாழை செழித்திருந்தது. எயினன் அடி இலைகளில் சிலவற்றை வெட்டினான். உள்ளிருந்த வழவழப்பான சோற்றைச் சீவிச் சுனைநீரில் கரைத்தான். கழுவித் துடைத்த குழிக்கு மேலே ஓட்டைக் கலயம் ஒன்றைக் கட்டி, சொட்டுச் சொட்டாக விழ விட்டான். காய விட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். காளையை அதட்டாமல் அதன் நடைக்கே விட்டான்.

தண்டு குளிர்ந்து சுழன்றது. மாவு முன்னைவிட மெதுவாகத்தான் விழுந்தது. ஆனாலும் பொழுது சாய்வதற்குள் கலயங்கள் நிறைந்தன. தண்டைத் தூக்கிப் பார்த்தான். குழியில் எறும்பு ஒன்றுகூட இல்லை. கற்றாழையின் கசப்பு அவற்றுக்குப் பிடிக்கவில்லை போலும்.

பஞ்ச காலத்தில் பள்ளியில் எல்லோருக்கும் குடிக்க நாளுக்கு ஒரு செம்புத் தண்ணீர்தான். தன் பங்கை வாங்கிக்கொண்டு எயினன் குரத்தியாரிடம் வந்தான். வெகுநாளைக்குப் பிறகு அவன் முகம் மலர்ந்திருந்தது.

“அடிகளே, இன்று யாருக்கும் நோகாமல் திரிகை சுற்றியது.”

குரத்தியார் அவன் விரல்களைப் பார்த்தார். கற்றாழைப் பால் மஞ்சளாகக் காய்ந்திருந்தது.

“இலை வெட்டின இடத்தைத் திரும்பிப் பார்த்தீரா?”

எயினன் செம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீர் தளும்பாமல், கற்றாழை நின்ற பாறைச் சரிவில் ஏறத் தொடங்கினான்.