பெங்களூருக்குப் போகும் கேஜ்

"டீச்சர், இருபத்தெட்டு வருஷமா பாய்லர் பார்க்கிறேன். இன்னிக்கு என்னைப் போய் பெஞ்சுல உட்கார்ந்து படின்னு சொல்றாங்க."

சவரிமுத்து வாசலிலேயே நின்று பொருமினார். ஐம்பத்துநாலு வயது. ஆலையின் மூத்த பாய்லர் பொறியாளர்.

டீச்சர் என்று அவர் கூப்பிட்ட ஃபர்ஹானாவுக்கு முப்பத்திரண்டு. கருவிகளைச் சரிபார்க்கும் அறை அவள் பொறுப்பு. கம்ப்யூட்டரைத் தொடவே அவர் தயங்கிய நாட்களில், தன் சாப்பாட்டு நேரத்தைக் கொடுத்துச் சொல்லித்தந்தவள். அதை ஒருத்தரிடமும் மூச்சு விட்டதில்லை. அவரும் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. டீச்சர் என்று கூப்பிடுவதோடு சரி.

"போகாட்டி என்னவாம் அண்ணாச்சி?"

"புதுசா கம்ப்யூட்டர் திரையிலயே பாய்லரை ஓட்டணுமாம். வகுப்புக்கு வராதவனுக்குப் பாய்லர்ல இடமில்லையாம். ஸ்டோர்ஸுக்குப் போய் போல்ட்டு எண்ணணுமாம். எண்ணிக்கிறேன்னு சொல்லிட்டு வரப்போறேன்."

"போல்ட்டு நல்லதுதான். எதிர்த்துப் பேசாது."

"கிண்டலா? எவனுக்குச் சந்தேகம் வந்தாலும் என்கிட்டதான் வந்து நிக்கிறான். எனக்கு எதுக்கு வகுப்பு?"

அவள் மேசை மேலிருந்த அழுத்தம் காட்டும் பெரிய பிரஷர் கேஜைப் பஞ்சுத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இந்த முனையைப் பிடிங்க."

பிடித்தார். பிடித்த பிறகுதான் பார்த்தார்.

"இது மாஸ்டர் கேஜ் இல்லையா? இதை வச்சுத்தானே மத்த கேஜையெல்லாம் சரிபார்ப்பே?"

"ஆமா."

"எங்க போகுது?"

"பெங்களூருக்கு. சரிபார்க்க."

"கீழே போட்டுட்டியா?"

"இல்ல."

"தப்பாக் காட்டிச்சா?"

"தெரியாது."

"தெரியாதா! பின்னே எதுக்கு அனுப்புறே?"

ஃபர்ஹானா கேஜை மரப்பெட்டிக்குள் மெல்ல இறக்கினாள்.

"இங்க இருக்கிற அத்தனை கேஜும் இது சொல்றதைத்தான் கேட்குது அண்ணாச்சி. இதுவே தப்பாச் சொன்னா, அதை இதுகிட்டச் சொல்ல இங்க யாரு இருக்கா?"

சவரிமுத்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

போன மாதம் ஒரு வால்வைப் பற்றி அவர் சொன்னதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்று நாள் கழித்து, அது தப்பு என்று அவருக்கே பட்டது. வேறு யாருக்கும் படவில்லை.

மூடியை எடுத்து அவரே பெட்டி மேல் வைத்தார்.

"வகுப்பு எங்க வச்சிருக்காங்க?"

"கேன்டீன் மாடியில. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

கிளம்பினார். நாலு எட்டு வைத்துத் திரும்பினார்.

"டீச்சர்... நீ எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்கே. நான் ஒரு தடவைகூட..."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம், போங்க." அவள் சுத்தியலை எடுத்தாள். "பெட்டிக்கு ஆணி அடிச்சிட்டு நானும் வந்துடறேன். பக்கத்துல எனக்கு ஒரு இடம் பிடிச்சு வைங்க."