உப்புப் போட்ட கை

தென்காசிப் பக்கம் ஒரு மடம். அதற்குக் குரு கோமதியம்மா. முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த இசக்கியப்பனுக்கோ பேரன் எடுக்கிற வயது. பஞ்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். ஆளை வைத்து வேலை வாங்கத் தெரியும் என்று சமையல்கட்டுப் பொறுப்பை அம்மா அவரிடம் கொடுத்திருந்தார்.

ஒரு பௌர்ணமியன்று பொங்கலில் இரண்டு பேர் உப்புப் போட்டுவிட்டார்கள். சாப்பிட வந்தவர்கள் வாயில் வைக்க முடியவில்லை. தொட்டியில் கொட்டினால் மாடே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அன்றிலிருந்து உப்பு ஜாடி இசக்கியப்பன் கையில். எந்த அண்டாவாக இருந்தாலும் அவர்தான் உப்புப் போடுவார், அவர்தான் ருசி பார்ப்பார்.

சித்திரைப் பௌர்ணமிக்கு முதல்நாள் அம்மாவிடம் வந்து நின்றார்.

"தாயி, என்னை விட்டுருங்க. நான் ஊருக்குப் போறேன்."

"என்ன அண்ணாச்சி, என்ன ஆச்சு?"

"காலையில குளிச்சிட்டு வரக் கொஞ்சம் நேரமாயிட்டு. சாம்பார் கொதிச்சு வத்திப்போச்சு. எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு என் வழியைப் பாத்து நிக்காங்க. 'ஏ உலகம்மா, ஒரு கை உப்பு அள்ளிப் போட மாட்டியா?'ன்னு கேட்டா, 'நீங்க இல்லாம எப்படிண்ணாச்சி'ங்கா. நாளைக்கு அவ்வளவு கூட்டம் வரும். இவங்களுக்குப் பொறுப்பை எப்படித் தாயி வரவைக்கது?"

அம்மா சிரித்தார். "நாளைக்கு ஒரு நாள் இருங்க" என்றார்.

மறுநாள் அடுப்பெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அம்மா உள்ளே வந்தார். இசக்கியப்பன் கையிலிருந்த ஜாடியை வாங்கி, அடுப்படியில் நின்ற உலகம்மாளிடம் கொடுத்தார்.

"பக்கத்து ஊர்ல ஒரு பிள்ளைக்குப் பேர் வைக்கக் கூப்பிட்டிருக்காங்க. வாங்க அண்ணாச்சி, போயிட்டு வருவோம்."

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான்."

உலகம்மாள் பாம்பைப் பிடித்த மாதிரி ஜாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸில் இசக்கியப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இந்நேரம் கூட்டு இறக்கியிருக்கணும், தாயி."

"ஜன்னல் ஓரமா உக்காருங்க. காத்து வரும்."

போன வீட்டில் பிள்ளையைப் பெற்றவள் வாங்க வாங்க என்றாள். விளக்கேற்றப் போகுமுன் பிள்ளையைத் தூக்கி இசக்கியப்பன் மடியில் போட்டுவிட்டாள்.

"ஐயோ, எனக்குப் பழக்கம் இல்லம்மா!"

"கழுத்தை மட்டும் பிடிச்சுக்கிடுங்க, மாமா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அவள் வரும்வரை அவர் மூச்சுகூடப் பலமாக விடவில்லை. பிள்ளை தூங்கிப்போனது.

மடத்துக்குத் திரும்பியபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. கால்கூடக் கழுவாமல் சமையல்கட்டுக்குள் ஓடினார். கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டுப் பார்த்தார். சாம்பார் சரி. கூட்டு சரி. ரசத்தில் முகம் சுருங்கியது. உப்புக் கம்மி.

"ஏ உலகம்மா!"

உள்ளே ஆள் இல்லை. வெளியே எட்டிப் பார்த்தார். உப்புக் கிண்ணத்தோடு உலகம்மாள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"சாமி, ரசத்துக்கு உப்புப் பத்தாது. நான்தான் பயந்து பயந்து போட்டேன். வேணுங்கிறவங்க கேளுங்க."

"பயந்தவ கையால இன்னொரு கரண்டி ஊத்தும்மா!" என்று ஒரு கிழவர் இலையைத் தட்டினார். பந்தியே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

கடைசி வரிசையில் ஓர் இலை காலியாகக் கிடந்தது. இசக்கியப்பன் போய் உட்கார்ந்தார். சூடாக இருக்கும்போதே அவர் சாப்பிட்டு வெகுநாளாயிற்று. உலகம்மாள் ரசம் ஊற்றினாள். கிண்ணத்தை நீட்டினாள்.

"உப்பு வைக்கட்டுமாண்ணாச்சி?"

"வேண்டாம்மா. இப்படியே நல்லாத்தான் இருக்கு."

கூட்டம் கலைந்த பிறகு அம்மாவிடம் வந்தார். ஊருக்குப் போகிற பேச்சை எடுக்கவில்லை.

"தாயி, இவங்க பாத்துக்கிடுவாங்கன்னு உங்களுக்கு முன்னமே தெரியும், இல்லையா?"

"எனக்கெப்படித் தெரியும்? போகும்போதும் வரும்போதும் எனக்கும் அடுப்படி நினைப்புத்தான்."

"அப்போ எந்தத் தைரியத்துல ஜாடியைக் கொடுத்திட்டு வந்தீங்க?"

"தைரியம் எங்க இருந்தது, அண்ணாச்சி? இங்கயே இருந்தா நானும் போய்க் கரண்டியை எடுத்திருப்பேன். அதான் உங்களோட சேர்ந்து பஸ் ஏறிட்டேன்."